ஏரிக்கரையில் நின்று ட்ரவுட் பிடிக்க: தூண்டிலும் இரையும்

கலிபோர்னியாவில் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஊர்க் குளத்தில் தூண்டில் போட்ட பழக்கம் இருக்கும். கெளுத்தி, விரால், ஜிலேபிக் கெண்டை என்று பிடித்துப் பழகிய கை. அதே கையோடு இங்கே ஏரிக்கரைக்குப் போய், தடித்த நரம்பும் பெரிய முள்ளுமாக நாள் முழுக்கக் காத்திருந்து, ஒரு கடிகூட இல்லாமல் திரும்புகிறவர்கள் நிறைய. பத்தடி தள்ளி ஒருவர் ஒல்லியான ராடை (தூண்டில் கோலை) ஊன்றி வைத்துவிட்டு, மதியத்துக்குள் ஐந்து மீனோடு கிளம்பியிருப்பார். அவர் கையில் வித்தை ஒன்றும் இல்லை. நரம்பு மெல்லியது, இரை தரையில் கிடக்காமல் தரைக்கு ஒன்றரை இரண்டு அடி மேலே மிதந்து நிற்கிறது. கரையிலிருந்து ட்ரவுட் பிடிப்பதில் பாதிக்கு மேல் இந்த இரண்டும்தான். இந்தக் கட்டுரையில் மற்றதைவிட இவற்றைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

நாம் பிடிக்கப் போவது ரெயின்போ ட்ரவுட். பசிபிக் கடலில் கலக்கும் ஆறுகள்தான் இதற்குச் சொந்த வீடு. நீலகிரியின் அவலாஞ்சியிலும் இலங்கையின் நுவரெலியா பக்கத்து மலை ஓடைகளிலும் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டதும் இதே இனம்தான். கலிபோர்னியாவில் மாநில மீன் பண்ணைகளில் வளர்த்து, லாரியில் கொண்டுவந்து ஏரிகளில் விடுகிறார்கள். விடும்போது மீன் பெரும்பாலும் அரை பவுண்டு எடை, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பண்ணையில் தீவனக் குருணை தின்று வளர்ந்த மீன் என்பதை நினைவில் வையுங்கள். இரையைத் தேர்ந்தெடுக்கும்போது இது உதவும்.

முதலில் உரிமம்

பதினாறு வயது நிரம்பியவர் யாராக இருந்தாலும் மாநில மீன்பிடி உரிமம் கட்டாயம். சும்மா ஐந்து நிமிடம் பிள்ளையின் ராடைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சட்டப்படி அது மீன்பிடிப்புதான். 2023 முதல் உரிமம் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். முன்பு போல டிசம்பரோடு முடிந்துவிடாது. ஆண்டு உரிமம் 60 டாலருக்கு மேல் ஆகும். பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க நினைப்பவர் ஒரு நாள் உரிமம் எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு நாள் உரிமம் இல்லாமலே பிடிக்க மாநிலம் அனுமதிக்கிறது. வழக்கமாக ஒன்று ஜூலை நான்காம் தேதியை ஒட்டியும் இன்னொன்று செப்டம்பர்த் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டியும் வரும். ஆனால் அவை வெயில் நாட்கள். பள்ளத்தாக்கு ஏரிகளில் அப்போது ட்ரவுட் கரைப்பக்கம் இருக்காது.

சில ஏரிகளில் மாநில உரிமத்தோடு அந்த ஏரிக்கான நாள் அனுமதிச் சீட்டும் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்கப் பூங்கா ஏரிகளில் இந்த வழக்கம் உண்டு: காஸ்ட்ரோ வேலி பக்கம் லேக் ஷபோ, லிவர்மோருக்குத் தெற்கே டெல் வாயே, பிளசன்டனில் ஷேடோ கிளிஃப்ஸ், பிரிமான்டில் குவாரி லேக்ஸ். வாசலிலேயே விசாரித்து வாங்கிவிடுங்கள்.

ஏரிகளில் பொதுவான அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து ட்ரவுட். வீட்டு ஃப்ரீசரில் இருப்பதையும் சேர்த்துக் கையிருப்பு பத்துக்கு மேல் போகக் கூடாது. தனி விதி உள்ள ஏரிகளும் உண்டு. அதனால் போகிற ஏரியின் பெயரைப் போட்டு விதிப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஒருவருக்கு ஒரு ராடுதான். இரண்டாவது ராடு போட வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும்.

எப்போது, எங்கே நிற்பது

ட்ரவுட் குளிர்ந்த நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாகத் தின்னும். 20 டிகிரியைத் தாண்டினால் தின்பதைக் குறைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். அதனால் தாழ்வான ஊர்களில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை காலம். கோடையில் ட்ரவுட் வேண்டுமென்றால் மலை ஏற வேண்டியதுதான்.

எந்த வாரம் எந்த ஏரியில் மீன் விடுகிறார்கள் என்ற பட்டியலை மாநில மீன்வளத் துறையே இணையத்தில் போடுகிறது. விட்ட ஓரிரு நாளில் மீன் விட்ட இடத்தை ஒட்டியே கூட்டமாகச் சுற்றும். அது பெரும்பாலும் படகு இறக்கும் சரிவாக இருக்கும். அப்புறம் கரையோரமாகவே கூட்டம் கூட்டமாக ஏரியைச் சுற்றி வரும். அந்த வழியில் நீங்கள் நின்றால் போதும், நெடுந்தூரம் வீச வேண்டியதில்லை. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை, ஓடை வந்து சேரும் வாய், அணைக்கரையின் கல் சரிவு, காற்று வந்து மோதும் கரை இவையெல்லாம் நல்ல இடங்கள். முகத்தில் காற்றடிக்கும் கரை நிற்பவருக்குச் சிரமம்தான். ஆனால் காற்று தள்ளிக்கொண்டு வரும் பூச்சியும் தூசியும் அங்கேதான் சேரும், மீனும் பின்னாலேயே வரும்.

விடியற்காலை முதல் இரண்டு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் மீன் கரையிலிருந்து இருபது முப்பதடிக்குள்ளேயே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஏரியின் நடுவுக்கு வீசி, மீனைத் தாண்டி இரையைப் போட்டுவிடுகிறார்கள். முதல் வீச்சு கிட்டத்திலேயே இருக்கட்டும்.

ராடு, ரீல், நரம்பு

கடைக்குள் போனால் சுவர் முழுக்கச் சாமான் தொங்கும். உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். லைட் அல்லது அல்ட்ராலைட் என்று குறித்த ஸ்பின்னிங் ராடு, ஆறரை முதல் ஏழடி நீளம். அதோடு 1000 முதல் 2500 வரை எண் போட்ட சிறிய ஸ்பின்னிங் ரீல். இரண்டும் சேர்ந்த செட் 50 டாலரை ஒட்டிக் கிடைக்கும், முதல் இரண்டு வருடத்துக்கு அதுவே தாராளம். கடல் மீனுக்கு வாங்கிய தடித்த ராடு வீட்டில் இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். அரை பவுண்டு மீன் கடிப்பது அதில் தெரியவே தெரியாது.

சேமித்த காசை நரம்பில் போடுங்கள். செட்டோடு சுற்றி வரும் நரம்பு பெரும்பாலும் 8 அல்லது 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் தடித்த நரம்பாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 4 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுற்றச் சொல்லுங்கள். அதிகம் போனால் 6. அறுந்துவிடாதா என்று பயம் வரும். ரீலின் ட்ராகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, சரியாக வைத்தால் 4 பவுண்டு நரம்பில் மூன்று நான்கு பவுண்டு மீனையும் கரைசேர்க்கலாம். மெல்லிய நரம்பு தெளிந்த தண்ணீரில் கண்ணில் படாது, சிறிய எடையையும் தூரம் கொண்டுபோகும், கடி நேராகக் கைக்கு வரும். லீடருக்கு, அதாவது முள்ளோடு சேரும் கடைசித் துண்டுக்கு, 2 முதல் 4 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு ஒரு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் மோனோவைவிட இது குறைவாகவே தெரியும்.

ட்ராக் வைப்பது எளிது. நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். அறுகிற அளவு வலுவில் மூன்றில் ஒரு பங்கு இழுப்புக்கே ரீல் சுழன்று நரம்பை விட வேண்டும். அதைவிட இறுக்கினால் மீன் முதல் ஓட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போய்விடும்.

மிதக்கும் இரைக்கான கட்டு

கரையில் நிற்பவர் கற்க வேண்டிய முதல் கட்டு இதுதான். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது ஒன்றை வைத்தே ஆண்டு முழுக்கப் பிடிக்கலாம். தேவையானவை: கால் அவுன்ஸ் அல்லது அதற்கும் குறைந்த, நடுவில் துளையுள்ள முட்டை வடிவக் குண்டு, ஒரு சிறிய பிளாஸ்டிக் மணி, சிறிய ஸ்விவல் (இரு பக்கமும் வளையமுள்ள சுழலும் இணைப்பு), 16 அல்லது 18 எண் மும்முனை முள். கடையில் ட்ரெபிள் என்று கேளுங்கள்.

1. ரீலிலிருந்து வரும் நரம்பில் முதலில் குண்டைக் கோத்து, அடுத்து மணியைக் கோத்துக்கொள்ளுங்கள். குண்டு முடிச்சில் இடித்து இடித்து நரம்பை நைத்துவிடாமல் மணி காக்கும்.

2. நுனியில் ஸ்விவலைக் கட்டுங்கள். நரம்பை வளையத்தில் நுழைத்து, தாய் நரம்பைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, வளையத்தை ஒட்டிய சிறு கண்ணியில் நுனியை நுழைத்து, மறுபடி பெரிய கண்ணியிலும் நுழைத்து இழுக்க வேண்டும். இறுக்கும் முன் முடிச்சை வாயில் வைத்து நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நரம்பை இழுத்தால் உரசும் சூட்டிலேயே பலம் போய்விடும். மெல்லிய நரம்பில் மீன் தப்புவதற்கு முதல் காரணம் இப்படி உலர்ந்து இறுகிய முடிச்சுதான்.

3. ஸ்விவலின் மறுபக்கம் 18 அங்குலம் லீடரைக் கட்டி, அதன் நுனியில் முள்ளைக் கட்டுங்கள்.

4. இரை மாவை எடுத்து, முள் முழுவதும் மறையும்படி உருட்டி அமுக்குங்கள். சின்ன சீடை அளவு போதும்.

5. வீசுவதற்கு முன் காலடியில் உள்ள தண்ணீரில் முள்ளை விட்டுப் பாருங்கள். மாவு முள்ளைத் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். மூழ்கினால் இன்னும் கொஞ்சம் மாவு சேருங்கள், அல்லது இன்னும் சிறிய முள்ளுக்கு மாறுங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

6. ராடை வெடுக்கென்று சுழற்றினால் மாவு தனியாகப் பறந்துவிடும். தோளுக்கு மேலிருந்து நிதானமாக, தூக்கிப் போடுவது போல வீசுங்கள். குண்டு தரையைத் தொட்டதும் தொய்வை மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டு வேலை செய்வது இப்படி. குண்டு தரையில் கிடக்கிறது, மாவு லீடரின் நீளத்துக்கு மேலே எழுந்து நிற்கிறது. சுற்றி வரும் மீனின் கண் மட்டத்தில் இரை இருக்கிறது. மீன் வாயில் வாங்கி நகரும்போது நரம்பு குண்டின் துளைக்குள் வழுக்கிப் போகிறது. குண்டின் கனம் மீனுக்குத் தெரிவதில்லை, அதனால் துப்புவதும் இல்லை. ஊர்த் தூண்டிலில் செய்வது போல ஈயத்தை நரம்பில் கடித்து இறுக்கி வைத்தால் இந்தப் பயன் முழுக்கப் போய்விடும்.

ஆகவே லீடரின் நீளம்தான் உங்கள் இரை நிற்கும் உயரம். அரை மணி நேரம் கடி இல்லையென்றால் இரையின் நிறத்தை மாற்றுவதற்கு முன் லீடரை மாற்றுங்கள். 18 அங்குலத்திலிருந்து 24, அப்புறம் 36. தரையில் பாசி அடர்ந்த ஏரியில் எடுத்த எடுப்பிலேயே மூன்றடி போடலாம், இல்லாவிட்டால் இரை பாசிக்குள்ளேயே நின்றுவிடும். குண்டை இழுத்து எடுக்கும்போது பச்சையாக எதையாவது வாரிக்கொண்டு வருகிறதா என்று கவனித்தால் இது தெரிந்துவிடும்.

எந்த இரை

கடைகளில் சிறிய கண்ணாடி ஜாடிகளில் வரும் மிதக்கும் மாவுதான் முதல் தேர்வு. பெர்க்லி நிறுவனத்தின் பவர்பெய்ட் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஜாடி பத்து டாலருக்குள். பண்ணைத் தீவனத்தில் வளர்ந்த மீனுக்கு இந்த வாசனை பிடித்துப்போகிறது. மினுக்குத் தூள் கலந்த பச்சை மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஒன்று, இந்த இரண்டு ஜாடி போதும். கரையில் நிறத்தைப் பற்றி எவ்வளவோ வாக்குவாதம் கேட்பீர்கள். எனக்கு உயரம் பெரிது, நிறம் அதற்கு அப்புறம். கலங்கிய தண்ணீரில் பளிச்சென்ற நிறம், தெளிந்த தண்ணீரில் அடங்கிய நிறம் என்று வைத்துக்கொண்டால் தவறாது. அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துப் புது மாவு வையுங்கள்.

மாவைத் தொடும் கையில் சன்ஸ்கிரீன், சிகரெட், பெட்ரோல் வாசனை இருக்கக் கூடாது. ட்ரவுட்டுக்கு மூக்கு கூர்மை. ஏரித் தண்ணீரிலேயே கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு இரையை எடுங்கள்.

அடுத்தது மண்புழு. இங்கே நைட்கிராலர் என்று டப்பாவில் விற்கும் பெரிய புழு. முழுப் புழுவைப் போட வேண்டாம், பாதி போதும். 8 அல்லது 10 எண் ஒற்றை முள்ளில் கோத்துவிடுங்கள். புழு தானாக மிதக்காது. அதற்கென்று விற்கும் சிறிய ஊசிப் புட்டியால் வால் பக்கம் துளிக் காற்றை ஏற்றினால் மேலே எழும். ஊசி உங்கள் விரல் பக்கம் திரும்பாமல், புழுவை ஒரு பலகையில் வைத்துச் செய்யுங்கள். ஊசி வேண்டாமென்றால் முள்ளின் நுனியில் ஒரு குட்டி மார்ஷ்மெல்லோவைக் குத்துங்கள், அது புழுவைத் தூக்கிக்கொள்ளும். மீன் விட்டுச் சில வாரம் ஆகி, அவை இயற்கை இரைக்குப் பழகியபின் மாவைவிடப் புழுவுக்கே கடி அதிகம் வரும்.

ஜாடியில் வரும் சால்மன் முட்டை மூழ்கும் இரை. தரை சுத்தமாக இருக்கும் இடத்திலும், தக்கை கட்டி நான்கைந்து அடி ஆழத்தில் தொங்கவிடும்போதும் நன்றாக இருக்கும். தக்கைத் தூண்டில் நமக்கு ஊரிலேயே பழக்கம் என்பதால் விரிவாகச் சொல்லவில்லை. தக்கை சின்னதாக, விரல்நுனி அளவில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தக்கைதான் சரி, பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது இருக்கும்.

கடி வரும்போது

ராடைப் பிடிப்பானில் ஊன்றி, ரீலில் நரம்பைப் பிடித்துச் சுற்றும் பெயில் கம்பியைத் திறந்துவிட்டு, நரம்பை ராடின் அடியில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தில் செருகி வையுங்கள். மீன் இழுத்ததும் நரம்பு வளையத்திலிருந்து விடுபட்டுத் தடையில்லாமல் போகும். முதலில் ராடு நுனி இரண்டு முறை துடிக்கும். அப்போது பாய்ந்து இழுக்காதீர்கள், அது இன்னும் ருசி பார்க்கிறது. நரம்பு தொடர்ந்து ஓட ஆரம்பித்ததும் பெயிலை மூடி, நரம்பு விறைக்கும்வரை சுற்றி, ராடை அழுத்தமாக மேலே தூக்குங்கள். அரையடி அசைவு போதும். பலமாக வெட்டி இழுத்தால் சின்ன முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

மாட்டிய மீன் ஓடும்போது ரீலைச் சுற்ற வேண்டாம், நரம்பு முறுக்கேறிப் பின்னால் சிக்கு விழும். ராடை உயர்த்திப் பிடித்து ஓடவிடுங்கள், நின்றதும் சுற்றுங்கள். கடைசி ஐந்தடியில்தான் பல மீன்கள் தப்புகின்றன. கரையில் தூக்கிப் போட முயலாமல், வலையைத் தண்ணீருக்குள் முக்கி வைத்து அதன் மேல் மீனைத் தலைப்பக்கமாக இழுத்து வாருங்கள்.

உட்கார முடியாதவர்களுக்கு லூர்

ஒரே இடத்தில் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் உலோக லூர், அதாவது முள் பொருத்திய செயற்கை இரை, வாங்குங்கள். எட்டில் ஒரு அவுன்ஸ் காஸ்ட்மாஸ்டர் ஒன்று, பாந்தர் மார்ட்டின் அல்லது மெப்ஸ் வகைச் சுழலும் தகடு ஒன்று. குண்டு வேண்டாம். நரம்பு முறுக்காமலிருக்கச் சிறிய ஸ்விவல் கொக்கி மட்டும். வீசி, விழுந்ததும் ஐந்து எண்ணிவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். அடுத்த வீச்சில் எட்டு, அதற்கடுத்து பதினொன்று. எந்த எண்ணில் கடி வந்ததோ அதுதான் அன்றைக்கு மீன் நிற்கும் ஆழம். தகடு சுழல்வது ராடில் மெல்லிய அதிர்வாகத் தெரியும். அந்த அதிர்வு நிற்காத அளவுக்கு மெதுவாகச் சுற்றினால் போதும். இருபது வீச்சில் ஒன்றும் இல்லையென்றால் முப்பதடி தள்ளிப் போங்கள்.

வைத்துக்கொள்வதா, விடுவதா

இதை வீசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மாவையும் புழுவையும் மீன் பெரும்பாலும் விழுங்கிவிடும். தொண்டையில் மாட்டிய முள்ளோடு விட்டால் பல மீன்கள் பிழைப்பதில்லை. அதனால் இரை போட்டுப் பிடிக்கும் நாளில் சமையலுக்குத்தான் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொண்டு, ஐந்து ஆனதும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். ஐந்து பிடித்த பிறகும் விளையாட்டுக்கு மாவு போட்டுப் பிடித்துப் பிடித்து விடுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத வழக்கம். பிடித்து விடத்தான் ஆசையென்றால் லூரில் ஒற்றை முள் போட்டு, அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துவிட்டு, மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே முள்ளைக் கழற்றலாம். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்புப் பூச்சு உரிந்து நோய் பிடிக்கும். சிறிய மீன் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்க வேண்டாம், நரம்பை வாயருகே வெட்டிவிட்டு விடுங்கள்.

வெட்டிய நரம்புத் துண்டுகளைக் கரையில் போடாதீர்கள். நீர்ப் பறவைகளின் காலிலும் இறக்கையிலும் சுற்றிக்கொள்ளும் இந்த நரம்பு பல வருடம் மக்காது. சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். சில ஏரிகளில் இதற்கென்றே குழாய்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

வைத்துக்கொள்ளும் மீனைக் கயிற்றில் கோத்து வெதுவெதுப்பான ஓரத் தண்ணீரில் மணிக்கணக்காகப் போட்டால் சதை குழைந்துவிடும். பிடித்தவுடன் தலையில் ஒரு தட்டு, செவுளை வெட்டி ரத்தம் வடித்து, ஐஸ் பெட்டியில். சுத்தம் செய்வது சுலபம்: செதில் மிகச் சிறியது என்பதால் உரசத் தேவையில்லை. ஆசனவாயிலிருந்து தாடைவரை கீறி, செவுளோடு குடலையும் ஒரே இழுப்பாக எடுத்துவிடுங்கள். முதுகெலும்பை ஒட்டி உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் தலையிலிருந்து வால்வரை வழித்துக் கழுவ வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவி முழு மீனாகவே தோசைக்கல்லில் மிதமான தீயில் போடுங்கள். தோல் மொறுமொறுவென்று ஆனதும் திருப்பலாம். குழம்புக்கு இது ஏற்ற மீன் இல்லை, சதை மெல்லியது, உடைந்து கரைந்துவிடும்.

மே மாதம் வந்து தாழ்வான ஏரிகள் சூடேறியதும் இதே பெட்டியை எடுத்துக்கொண்டு சியரா மலையின் கிழக்குப் பக்கம் போகலாம். ஜூன் லேக், கன்விக்ட் லேக் இரண்டும் 7,500 அடிக்கு மேல். அந்தப் பக்கத்து ஏரிகளில் பெரும்பாலானவை ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை திறந்து நவம்பர் 15 வரை திறந்திருக்கும். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் என்பதால் லீடரை 2 பவுண்டுக்கு இறக்கி, நீளத்தை மூன்றடிக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.